பல மரம் கண்ட தச்சனின் பரண்

போன போகியன்று காலையில் என் கணவர் ஏணி போட்டுப் பரண்மீது ஏறினார். கையில் ஒரு கோணிப்பை. "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்று மேலிருந்தபடியே ஓதினார். அது இலக்கண நூலில் மொழி வழக்குக்காகச் சொன்ன விதி, பரணுக்காகச் சொன்னதல்ல என்று கீழிருந்து திருத்தினேன். தமிழாசிரியையைக் கட்டிக்கொண்டவருக்கு இந்தத் தொல்லை உண்டு.

அவர் பதில் பேசாமல் எண்ணத் தொடங்கினார். வால்வு ரேடியோ இரண்டு. டிரான்சிஸ்டர் ஐந்து. டேப் ரிக்கார்டர் மூன்று, ஓடுவது ஒன்று. பெட்டி கேமரா ஒன்று. மிட்டாய் டப்பா நிறையக் கைக்கடிகாரங்கள். தபால்தலை ஆல்பம். அடிப்பாகம் மட்டும் பின்னி நிறுத்திய வயர் கூடை. எண்ணி முடித்து இறங்கியவர், வெறும் கோணிப்பையை மடித்து வைத்துவிட்டு, "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்றார்.

இந்தப் பழமொழியோடு எனக்கு நெடுநாள் பிணக்கு. தச்சன் மரத்தைப் பார்ப்பதே வெட்டுவதற்குத்தான் என்று யார் முடிவு செய்தது? கூலிக்கு ஒரு மரத்தை வெட்டிவிட்டு, மாலையில் இன்னொரு மரத்தைச் சும்மா தட்டிப் பார்க்க அவனுக்கு ஆசை வராதா? பகலெல்லாம் புணர்ச்சி விதியும் அணி இலக்கணமும் நடத்திவிட்டு வருகிறேன். அதை ஒழுங்காகச் செய்கிறேன் என்றே நினைக்கிறேன். மாலையில் எந்தத் தேர்வும் எழுத வேண்டியிராத சில வேலைகள் எனக்கு வேண்டும். அவை நான்கைந்தாக இருப்பதில் யாருக்கு என்ன நட்டம்? பரண் இடிந்து விழாதவரை.

உண்மையில் அவை நான்கைந்தும் அல்ல, ஒரே வழக்கு. எதிர்வாதி உப்பு.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். இங்கே அலைச் சத்தம் கேட்காது. ஆனால் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கமிருந்து காற்று வரும், காற்றோடு உப்பு வரும். ஜன்னல் கம்பி, நாதாங்கி, சைக்கிள் செயின், தையல் மிஷின் ஊசி என்று அது தொடாத இரும்பு இல்லை. உப்பு தானாகத் தின்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உலோகத்தின்மேல் மெல்லிய படலமாக வைத்துக்கொள்கிறது. பிறகு அந்த ஈரமே அரிக்கிறது. உள்நாட்டில் ஐம்பது வருடம் உழைக்கும் பொருள் இங்கே இருபதில் கை விரிக்கும். நான் எதைக் கையில் எடுத்தாலும் முதல் வேலை உப்பைத் துடைப்பதுதான்.

தொடங்கியதும் ஒரு காற்றில்தான். 2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த கதையை எல்லோரும் அறிவார்கள். எங்கள் தெருவில் மின்கம்பங்கள் கிடந்த கிடப்பைப் பார்த்தபோதே, மின்சாரம் இப்போதைக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்போது அத்தை தன் டிரங்குப் பெட்டியிலிருந்து, இரண்டு செல் போடும் சிறிய டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். புதுச் செல் போட்டும் பாடவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். எப்போதோ போட்ட செல் கசிந்து ஸ்பிரிங்கில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. குத்துவிளக்கில் பூக்குமே, அதே களிம்பு. களிம்புக்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் புளிதான். சுண்டைக்காய் அளவு புளியை நனைத்து, ஊதுவத்திக் குச்சி நுனியில் சுற்றி, தேய்த்தேன். ஸ்பிரிங் பொன்னிறமாக வந்தது. ரேடியோ கரகரத்தது, பிறகு செய்தி வாசித்தது. அன்று மாலைச் செய்திக்கு எங்கள் திண்ணையில் இடமில்லை.

சில வாரம் கழித்து, திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் கடை வைத்திருக்கும் ரேடியோ மெக்கானிக் ஐயாவிடம் இந்தச் சாதனையைப் பெருமையாகச் சொன்னேன். "புளி வேலை செய்தது சரி டீச்சர். பிறகு தண்ணீரால் துடைத்து, ஸ்பிரிட் போட்டு உலர்த்தினீர்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியென்றால் களிம்பு விட்டு வைத்ததைப் புளி தின்னும்." திறந்து பார்த்தால் தின்றுகொண்டுதான் இருந்தது. அன்று அவர் கடை வாசலில் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தவள்தான். பாடம் நடத்த மாட்டார். "பாருங்கள், கேள்வி கேட்காதீர்கள்" என்பார். இதை நான் என் வகுப்பில் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வால்வு ரேடியோ கிடைத்தது புதுச்சேரியில், சண்டே மார்க்கெட்டில். மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் விரியும் அந்தச் சந்தையில் பெரும்பகுதி துணிமணிதான். ஆனால் பொறுமையாக நடந்தால், ஓரத்தில் சாக்கு விரித்துப் பழைய சுவிட்சும் பூட்டும் கரண்டியும் ரிமோட்டும் கலந்து வைத்திருப்பவர்களும் தென்படுவார்கள். அப்படி ஒரு சாக்கின்மேல், தேக்கு நிறப் பெட்டியும் மஞ்சளேறிய குமிழ்களுமாக ஒரு பிலிப்ஸ் உட்கார்ந்திருந்தது. "சார் வரவில்லையா அம்மா?" என்றுதான் கடைக்காரர் தொடங்கினார். பழைய மின்பொருள் விற்கும் எல்லோருக்கும் என்னைப் பார்த்தால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. சார் வரவில்லை, இது பாடுமா என்றேன். "கரண்ட் கொடுத்தால் பாடும்." இரண்டாயிரத்து ஐந்நூறு சொன்னதை ஆயிரத்து நானூறுக்கு முடித்து, பழைய புடவையில் மூட்டை கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். சாமி படமா என்று கண்டக்டர் கேட்டார். ரேடியோ என்றதும் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

பின்பலகையைக் கழற்றியதும் பல்லி முட்டை ஓடு, எலி இழுத்து வந்த பஞ்சு, துருப்பிடித்த அடித்தகடு, நடுவில் ஆறு கண்ணாடி வால்வுகள், டிரான்சிஸ்டர் வருமுன் ரேடியோவைப் பாடவைத்த குழல்கள். துணியால் துடைக்கத் துடைக்க அவற்றின் பெயர்கள் தெரிந்தன: ஈ.சி.எச். 81, ஈ.எஃப். 89, ஈ.பி.சி. 81, ஈ.எல். 84, ஈ.இசட். 80, ஈ.எம். 80. முதலில் எனக்கு இவை பஸ் எண்களாகத்தான் பட்டன. ஐயாவின் கடையிலிருந்த ஒரு கிழிந்த கையேட்டைப் பார்த்தபோதுதான் இது பகுபத உறுப்பிலக்கணம் என்று புரிந்தது. முதலெழுத்து வால்வின் உள்ளே இருக்கும் சூடேற்றும் இழைக்கு எவ்வளவு வோல்ட் வேண்டும் என்று சொல்கிறது. ஈ என்றால் 6.3. (ஈ, தா, கொடு என்னும் மூன்றில், தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் இரக்கும் சொல் ஈ என்று இலக்கணம். இந்த வால்வுகள் ஆறும் டிரான்ஸ்பார்மரிடம் 6.3 வோல்ட் இரந்து நிற்கின்றன என்று வைத்துக்கொண்டேன். ஒருநாளும் மறக்கவில்லை.) அடுத்து வரும் எழுத்துகள் தொழிலைச் சொல்பவை: சி என்றால் மூன்று முனை வால்வு, எல் என்றால் ஒலிபெருக்கியை இயக்கும் வலுவான வால்வு, இசட் என்றால் மாறுமின்னோட்டத்தை நேராக்குவது, எம் என்றால் நிலையம் சரியாக அகப்பட்டதைப் பச்சை ஒளியால் காட்டும் மாயக்கண். எண்ணின் முதல் இலக்கம் 8 என்றால் அடியில் ஒன்பது ஊசி. பகுதி, இடைநிலை, விகுதி எல்லாம் உண்டு. எட்டாம் வகுப்பில் இதை எழுதிப் போட்டு அசை பிரிப்பது போலப் பிரிக்கச் சொன்னேன். கடைசி பெஞ்சு முதன்முறையாகக் கை தூக்கியது.

இனி வேலை. நேராகச் சுவிட்சைப் போட்டால் எரிந்துவிடும் என்று ஐயா ஒரு குண்டு பல்பைக் கையில் கொடுத்தார். 100 வாட். அதை ரேடியோவுக்கு முன்னால் தொடர் இணைப்பில் மாட்ட வேண்டும். மெக்கானிக்குகள் சீரீஸ் பல்பு என்பார்கள். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று முழு வெளிச்சத்தில் எரியும், ரேடியோ தப்பிக்கும். பளிச்சிட்டு மங்கினால் நல்ல சகுனம். என்னுடையது கல்யாண வீடு போல எரிந்தது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கண்டன்சர் போயிருந்தது. அதை மாற்றியதும் மங்கியது. ஆனால் சற்று நேரத்தில் ஈ.எல். 84 வால்வின் உள்தகடு பழுக்கக் காய்ச்சிய கம்பி போலச் சிவந்தது. அதற்கு முன்னாலிருந்த மெழுகுக் காகிதக் கண்டன்சர் ஈரம் குடித்து, தடுக்க வேண்டிய மின்சாரத்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. மாற்றுக் கண்டன்சர்களை இணையத்தில் வாங்கினேன். வந்தவற்றில் பாதி, உறையில் ஓர் அளவும் உள்ளே வேறு அளவுமாக இருந்தன. கடையின் பெயர் வேண்டாம். மற்றவை ஐயாவின் டப்பாவிலிருந்து வந்தன.

அடுத்தது எனக்கே. சுவிட்சை அணைத்துவிட்டோமே என்ற தைரியத்தில் அடித்தகட்டுக்குள் விரலை விட்டேன். வால்வு ரேடியோவில் உயர்மின்னழுத்தம் 250 வோல்ட் அளவுக்கு இருக்கும். அணைத்த பிறகும் கண்டன்சர் அதைப் பிடித்து வைத்திருக்கும். முழங்கை வரை ஓர் அடி. ஸ்குரூடிரைவர் சமையலறை வாசலில் போய் விழுந்தது. அத்தை, "என்ன அம்மாடி, பாம்பா?" என்று ஓடி வந்தார். ஐயா திட்டவில்லை. "ஒரு கையை எப்போதும் இடுப்பில் வையுங்கள் டீச்சர். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும்" என்றார். அன்றிலிருந்து நான் ரேடியோ பழுது பார்க்கும்போது யாராவது பார்த்தால், தெருச்சண்டைக்கு நிற்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

உப்பு தன் முத்திரையைப் பதித்திருந்த இடம் வேறு. ஸ்பீக்கருக்கு முன்னாலுள்ள அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் தலைமுடியைவிட மெல்லிய செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். எங்கோ ஒரு புள்ளியில் பச்சை பிடித்து அறுந்தால் போதும், அத்தனையும் வீண். கடற்கரை ஊர் ரேடியோக்களுக்கு இது குலநோய் என்றார் ஐயா. புதிதாகச் சுற்ற வேண்டும். கைப்பிடி வைத்த சுற்று மிஷினில் அவர் சுற்ற, வாய்க்குள் எண்ண, நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்க, ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தில் ஓர் அம்மா வந்து, "மிக்ஸி ஜார் ரெடியா?" என்றார். எண்ணிக்கை போய்விட்டது. முதலிலிருந்து சுற்றினார். அந்த அம்மா மீது எனக்கு இன்னும் கோபம்.

எல்லாம் மாற்றியும் ஒரே இரைச்சல், நிலையம் எதுவும் இல்லை. இங்கேதான் என் பழைய புளி டிரான்சிஸ்டர் கைகொடுத்தது. இந்த வகை ரேடியோ, எந்த நிலையத்தின் அலையையும் உள்ளே தான் உண்டாக்கும் இன்னோர் அலையோடு கலந்து, 455 கிலோஹெர்ட்ஸ் போன்ற ஒரே அலைவரிசைக்கு மாற்றிக்கொண்ட பிறகே பெருக்குகிறது. அந்த உள்ளலை உண்டாகிறதா என்று அறிய ஆயிரக்கணக்கில் விலையுள்ள கருவி தேவையில்லை. பெரிய ரேடியோவின் முள்ளைச் சென்னை நிலையத்தின் 720இல் வைத்தேன். அதோடு 455ஐக் கூட்டினால் 1175. சிறிய டிரான்சிஸ்டரை அருகில் வைத்து 1175 பக்கம் மெல்லத் திருப்பினால், உள்ளலை இருக்கும் இடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்க வேண்டும். அடங்கவில்லை. ஈ.சி.எச். 81இன் ஊசிகளை எடுத்துத் துடைத்தேன். ஒன்பது ஊசியிலும் மங்கலாக உப்பு. திரும்பப் பொருத்தி டிரான்சிஸ்டரைத் திருப்பினேன். அடங்கியது. பாட்டே வரவில்லை, வெறும் மௌனம்தான் வந்தது. இருந்தும் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

டயல் நூல் அறுந்த கதை சிறியது. தேவனாம்பட்டினத்தில் மீனவர் ஒருவரிடம் தூண்டில் நரம்பான தங்கூசி வாங்கிவந்து கட்டினேன். வழுக்கியது. குமிழ் சுற்றும், முள் நகராது. தூண்டிலுக்கு ஆனது ரேடியோவுக்கு ஆகாது. முறுக்கிய பருத்தி நூலில் மெழுகு தடவிக் கட்டினேன், இன்றுவரை இழுக்கிறது.

ரேடியோ பாடிய மாலையில் அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாயக்கண்ணில் பச்சை விரிந்து சுருங்கியது. புதுச்சேரி நிலையம் 1215இல் கணீரென்று கேட்டது. அவருக்கு அது போதவில்லை. "சிலோன் வை" என்றார். அவர் இளமையில் காலை அடுக்களை வேலை இலங்கை வானொலியின் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சியோடுதான் ஓடியதாம். அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரல், பிறகு கே.எஸ். ராஜாவின் வேகம், அப்துல் ஹமீதின் நிதானம் என்று வரிசையாகச் சொன்னார். டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினார். ரேடியோ வைத்துக்கொள்ள அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டியிருந்த காலம். 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது. என் தபால்தலை ஆல்பத்தில் அதை வைக்கலாமா என்று கேட்டேன். "அது என் ரேடியோ" என்று வாங்கிக்கொண்டார்.

சிலோன் இங்கே அவ்வளவு தெளிவாகக் கேட்டதன் காரணத்தைத் தேடியபோதுதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. சிற்றலை வானத்தில் மோதித் திரும்பி வரும். இரவில் மத்திய அலையும் அப்படித்தான். ஆனால் பகலில் மத்திய அலை நிலத்தை ஒட்டித்தான் பயணிக்கும், காய்ந்த மண்ணில் சீக்கிரமே தேய்ந்துவிடும். கடல்நீர்மேல் தேயாமல் நெடுந்தூரம் வரும். காரணம், நீரிலுள்ள உப்பு மின்சாரத்தைக் கடத்துகிறது. அதாவது, என் டிரான்ஸ்பார்மரை அறுத்த உப்புதான் அந்தக் குரல்களுக்குப் பாதையும் போட்டிருக்கிறது. வழக்கை வாபஸ் வாங்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மறுநாள் சைக்கிள் செயினைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது.

மற்ற மரங்களைப் பற்றி விரைவாக. மிட்டாய் டப்பாவில் இருப்பவை பெரும்பாலும் எச்.எம்.டி. ஜனதா. பதினேழு கல், தினமும் சாவி கொடுக்க வேண்டும், நொடிக்கு ஐந்து துடிப்பு. நான் சுத்தம் செய்வதோடு சரி, திறந்து பிரிக்கும் துணிவு ஒருமுறை வந்தது. தெறித்த ஸ்பிரிங்கை இன்னும் தேடுகிறேன். கேமரா, இந்தியாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படம்தான். கெடிலம் ஆற்றின் பாலத்தை எடுத்த முதல் சுருளில் பன்னிரண்டிலும் என் விரல். டேப் ரிக்கார்டர்களின் ரப்பர் பெல்ட் எல்லாம் தார்போல உருகிவிட்டது. வயர் கூடையைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

ஆனால் இவை ஒன்றுக்கொன்று ஆள் அனுப்பிக்கொள்கின்றன. கடிகாரத்துக்கு வாங்கிய பூதக்கண்ணாடியில்தான் டிரான்ஸ்பார்மரின் பச்சைப் புள்ளி தெரிந்தது. ரேடியோவில் மாட்டிக்கொண்ட நாட்களில் கூடை பின்ன உட்கார்ந்தால், நாலாவது வரிசையில் எந்தக் கண்டன்சர் என்று தோன்றிவிடும். உடனே எழுந்துவிடுவேன். கூடை முடியாததற்கு அதுதான் காரணம். இதை என் கணவரிடம் சொன்னேன். நம்பவில்லை. ஆனால் அந்தக் கோணிப்பையை அவர் பிறகு பரணில் போட்டதை நான் பார்த்தேன், அதற்குள் அவருடைய ஓடாத டேபிள் பேன் இருந்தது.

ஐப்பசி பிறந்துவிட்டது. கூடத்தில் அத்தை பிலிப்ஸின் முன்னால் உட்கார்ந்து, மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடலுக்குப் போகிறவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை, ஆனாலும் அதை அவர் தவறவிடமாட்டார். காற்று திசை மாறி, கொண்டல் அடிக்கத் தொடங்கியிருக்கிறது. சுட்டுவிரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரிக்கிறது. கிழக்கு ஜன்னலைச் சாத்த வேண்டும்.